பெரிய புள்ளி

நகக்கண்ணில் இருந்த கிரீஸ் மட்டும் போகவே மாட்டேன் என்றது.

தம்பி மூன்றாவது தடவையாகச் சோப்பைக் குழைத்து, பழைய பல் பிரஷால் அண்ணனின் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிணவறை ஊழியர் பேசினில் ஊற்றிக் கொடுத்த வெந்நீர் ஆறிப்போய், மேலே கருப்பாகப் படலம் கட்டியிருந்தது. மற்ற ஒன்பது விரல்களும் ஓரளவு வெளுத்துவிட்டன. இந்தக் கட்டைவிரல்தான் பிடிவாதம் பிடித்தது.

"விட்டுடுங்க சார். இதுக்கு மேல தேச்சா தோல் கையோட வந்துடும்" என்றார் ஊழியர், வாசல் நிலையில் சாய்ந்தபடி.

"அண்ணி சொல்லி அனுப்பினாங்க. கை சுத்தமா இருக்கணும்னு."

"என்ன வேலை பாத்தாரு?"

"மெக்கானிக்."

"அப்ப போகாது. எங்கப்பாவும் மெக்கானிக்தான். கடைசி வரைக்கும் போகல." சொல்லிவிட்டு, அது ஆறுதலா இல்லையா என்று சந்தேகம் வந்ததுபோல் தலையைச் சொறிந்துகொண்டார்.

அண்ணி காலையில் போனில் அதிகம் பேசவில்லை. "கையை மட்டும் கழுவிக் கொண்டாங்க தம்பி. இருபது வருஷமா அந்தக் கையைக் கழுவுங்க கழுவுங்கன்னு சொல்லி என் வாய்தான் தேஞ்சுது. இன்னைக்காவது சுத்தமா வரட்டும்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அவன் அண்ணனின் கையைத் துணியால் ஒற்றி எடுத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்தான். வைத்த பிறகும் தன் கையை எடுக்கச் சிறிது நேரம் ஆனது.

அண்ணன் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே முக்கால் மணி நேரத் தொலைவில், மரமில்லாத ஒரு மேட்டின்மேல் இருந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில். ஆறு மாடிக் கட்டட உயரத்துக்கு ஒரு பெரிய தட்டு. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் தட்டு. அது திரும்பும், குனியும், நிமிரும். அப்படித் திரும்பக் குனிய வைக்கும் மோட்டார்களுக்கும் பல்சக்கரங்களுக்கும் அண்ணன்தான் வைத்தியர். "மாமியார்" என்றுதான் அதைச் சொல்வார். "எப்பப் பாரு மேலேயே பாத்துக்கிட்டு இருக்கும். கீழ நின்னு உழைக்கிறவனைத் திரும்பிப் பாக்காது." அண்ணன் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்துத் தம்பி அங்கேயே இயக்குபவனாகச் சேர்ந்தான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தட்டு எந்த நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வேலை. அண்ணனுக்குத் தம்பி என்பதால் நிலையத்தில் எல்லாருக்கும் அவன் தம்பி. ஐம்பது வயது காவலாளிக்கும் தம்பி, நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் தம்பி சார்.

நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது ஒரு கணக்கெடுப்பு. வானத்தில் ரேடியோ அலை வரும் இடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் எவை ஊசிமுனைபோல உண்மையிலேயே சின்னவை, எவை பரந்து கிடப்பவை என்று பிரித்துப் பட்டியல் போடுவது. ஒரு தட்டால் ஆகிற காரியம் இல்லை. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் எட்டு நிலையங்கள், ஒரே நொடியில் ஒரே இடத்தைப் பார்க்கும். ஒவ்வொரு நிலையத்திலும் நொடி பிசகாத அணுக் கடிகாரம். பதிவு செய்ததையெல்லாம் ஒரு மையத்துக்கு அனுப்பினால், அங்கே ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் திரையில் ஒரு முகடு எழும். பரந்து கிடப்பது அப்படிப் பார்க்கும்போது கரைந்து காணாமல் போகும். சின்னது மட்டும் புள்ளியாக நிற்கும்.

"ரேடியோ மூலங்கள்" என்று தம்பி முதன்முதலில் விளக்கியபோது அண்ணன், "மூலம் மூலம்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதடா, டாக்டர்கிட்ட போன்னு சொல்லுவாங்க" என்றார். ஆனால் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இதே அறிமுகம்: "நான் சும்மா மெக்கானிக். என் தம்பி பெரிய புள்ளி. வானத்துல புள்ளி எண்ணுறான்."

வண்டி வீட்டை அடைந்தபோது மணி பதினொன்று. கூடத்துச் சோபாவைச் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் கையைத்தான் எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலைத் திருப்பினார்.

"போகலண்ணி. எவ்வளவோ தேச்சேன்."

"பரவால்ல" என்றார். கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அண்ணனின் மகள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தாள். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கும் பெண். முந்தாநாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அவனைக் கண்டதும் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"சித்தப்பா, அப்பா சொல்லாம மேல ஏறிட்டாருன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்களே. சொல்லாம ஏறுறவங்களை அவர்தானே திட்டுவாரு? அவர் ஏன் அப்படிப் பண்ணினாரு?"

"தெரியலம்மா" என்றான்.

அவள் இன்னும் ஏதோ கேட்பாள் என்று நின்றான். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நிலைய இயக்குநர் மாடிப்படித் திருப்பத்தில் காத்திருந்தார். நல்ல மனிதர். இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா நாளைக்குக் காலையில மேலிடத்துக்குப் போயாகணும். ஏற்கனவே நம்ம நிலையத்தை மூடலாமா வேண்டாமான்னு பேசிட்டிருக்காங்க, உனக்கே தெரியும்."

உறைக்குள் ஒரே பக்கம். பராமரிப்புப் பணியாளர், பணியில் இருந்த இயக்குபவருக்கு அறிவிக்காமலும் பாதுகாப்புச் சாவியை எடுக்காமலும் தன்னிச்சையாக மேல்தளத்துக்கு ஏறியதால் விபத்து நேர்ந்தது. கீழே, இயக்குபவர் கையெழுத்து என்று ஒரு கோடு.

"உங்கிட்ட சொல்லலையே அவரு?" என்றார் இயக்குநர். கேள்வியா பதிலா என்று பிரிக்க முடியாத குரல்.

முந்தாநாள் ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது இதே கேள்வியை யாரோ கேட்டார்கள். அப்போது அவன் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. இல்லை என்று ஆடியதா, ஐயோ என்று ஆடியதா, அவனுக்கே தெரியாது. அந்தத் தலையாட்டல்தான் இப்போது தட்டச்சாகி வந்திருந்தது.

"சாயந்திரம் தரேன் சார்."

"சாயந்திரம் கட்டாயம்" என்று சொல்லி, பேனாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

கட்டுப்பாட்டு அறைப் பலகையில் ஒரு சிவப்புச் சாவி இருக்கும். அதை உருவிவிட்டால் யார் என்ன கட்டளை கொடுத்தாலும் தட்டு அசையாது. மேலே ஏறுகிறவர் அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அண்ணனே போராடிக் கொண்டுவந்த விதி. அன்று காலை பதினொன்று முப்பத்தைந்துக்கு அண்ணன் கிரீஸ் துப்பாக்கியோடு அறைக்குள் வந்தார்.

"மாமியார் கீச்சு கீச்சுன்னு கத்துறா. குனியுற பக்கத்துப் பல்சக்கரம் காஞ்சு கிடக்கு. சாவியை உருவட்டுமா?"

திரையில் அடுத்ததாக வரவிருந்தது மிக மங்கலான ஒரு மூலம். மற்ற ஏழு நிலையங்களும் தயார். கடந்த மூன்று முறையும் இவர்கள் நிலையத்தின் பதிவு எதனோடும் ஒத்துப்போகவில்லை. எட்டில் ஒன்று ஊமை என்று மற்றவர்கள் எழுதாத குறை. எங்கே கோளாறு என்று ஒரு மாதம் தேடி, தட்டின் உச்சியில் கேபிள் இணைப்பில் தண்ணீர் புகுந்திருந்ததைக் கண்டுபிடித்ததே அண்ணன்தான். இன்றைக்காவது ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டும்.

"அண்ணே, இந்த ஸ்கேன் மட்டும் முடியட்டும். ஆறே நிமிஷம்."

"அதுக்குள்ள பல்லு கொட்டிடும்டா." அண்ணன் சன்னல் வழியாகத் தட்டைப் பார்த்தார். "ஸ்கேன்ல இருக்கும்போது ஆமை மாதிரிதான நகரும்? நான் ஏறி கிரீஸ் அடிச்சுக்கிட்டே இருக்கேன். முடிஞ்ச உடனே அடுத்ததுக்குப் பாயாம நீ நிறுத்திடு. மறந்துடாத."

"நான் பாத்துக்கறேண்ணே."

"அந்தத் தைரியத்துலதான் ஏறுறேன்."

ஐந்தரை நிமிடம் அவன் மறக்கவே இல்லை. விரல் நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அப்போது மையத்திலிருந்து செய்தி வந்தது. சற்று முன் அனுப்பிய மாதிரிப் பதிவை ஒத்துப் பார்த்துவிட்டோம், உங்கள் நிலையத்துக்கும் முகடு கிடைத்திருக்கிறது, அருமையாக இருக்கிறது. கூடவே ஒரு படம். தட்டையான கோட்டின் நடுவே செங்குத்தாக ஒரு முகடு. அவன் மேல்தளத்துக்குப் போகும் கம்பித் தொலைபேசியைத் தூக்கினான். அண்ணனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை மணி அடித்தது. தட்டு அடுத்த மூலத்துக்குப் பாய்வதற்கு முன் ஐந்து நொடி அடிக்கும் மணி. அவன் பொத்தானை அழுத்தியபோது தட்டு ஏற்கனவே குனியத் தொடங்கியிருந்தது. தட்டைச் சமப்படுத்தப் பின்பக்கம் தொங்கும் எதிர் எடை அண்ணனைத் தள்ளியது. பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி அறுபடவில்லை. கொக்கி மாட்டியிருந்த கைப்பிடிக் கம்பியே பிய்த்துக்கொண்டு வந்தது.

கீழே யாரோ, "தம்பி எங்க? வண்டி கிளம்பணுமாம்" என்று தேடினார்கள். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

வண்டி கிளம்பும் நேரத்தில்தான் கடியாரம் வந்து சேர்ந்தான். நிலையத்தின் அணுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவன். அதனால் அந்தப் பட்டப்பெயர். அவன் கடிகாரம் பல லட்சம் வருடத்துக்கு ஒரு நொடிகூடப் பிசகாது. அவன் எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. ஓடி வந்து, மூச்சு வாங்க, தம்பியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"லாக் பதிவெல்லாம் பாத்துட்டேன்" என்றான் பிறகு, சாலையைப் பார்த்தபடி. "கம்ப்யூட்டருக்குக் கொடுத்த கமாண்ட் மட்டும்தான் பதிவாகியிருக்கு. ரூம்ல பேசினது, மேல்தளத்துப் போன்ல பேசினது எதுவும் அதுல வராது."

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்றான் கடியாரம். "செவுரு மெல்லிசு. ஆனா நான் காது கேக்காதவன். புரியுதா?"

சிறிது தூரம் போன பிறகு, வேறு எதையாவது பேச வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, சொன்னான்: "மையத்துலேருந்து வருத்தம் தெரிவிச்சு எழுதியிருக்காங்க. அந்த ஸ்கேன் நம்ம பக்கம் முழுசாப் பதிவாகியிருக்காம். நல்லா வந்திருக்காம். அந்த மூலம் சின்னதுதான்னு முடிவாயிடுச்சு. பட்டியல்ல சேர்த்துட்டாங்க."

தம்பியின் சட்டைப்பையில் இருந்த தாளின் மடிப்பு, வண்டி குலுங்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது.

தகன நிலையத்தில் கூட்டம் அதிகம் இல்லை. நீலச் சட்டைக்காரர் ஒருவர் எஃகுக் கதவின் பக்கத்தில் நின்றுகொண்டு, "வீட்டுக்காரங்க யாராவது ஒருத்தர் வாங்க. இந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தணும்" என்றார். எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் போய் நின்றான். நாள் முழுக்கப் பொத்தான் அழுத்துவதுதான் அவன் பிழைப்பு. விரலை நீட்டினான். விரல் பாதி வழியில் நின்றது.

"சும்மா லேசா அழுத்தினாப் போதும் சார்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

அவன் நின்றுகொண்டே இருந்தான். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். மகள் வந்தாள். அவன் கையைப் பிடித்து மெதுவாக விலக்கிவிட்டு, தானே அழுத்தினாள். கதவு ஓசையில்லாமல் மேலே ஏறியது.

வீட்டுக்குத் திரும்பியபோது நான்கு மணி. உறவினர்கள் கூடத்தில் தணிந்த குரலில் சாலைப் போக்குவரத்தைப் பற்றியும் சர்க்கரை வியாதியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி சமையலறையில் இருந்தார். தொட்டி நிறைய டீ குடித்த டம்ளர்கள். யாரோ நான் கழுவுறேன் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்று வெளியே அனுப்பிவிட்டார் போலிருந்தது. தம்பி உள்ளே போய், கழுவி வைத்த டம்ளர்களைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"உங்க டைரக்டர் எங்கிட்டயும் சொல்லிட்டுப் போனாரு" என்றார் அண்ணி. "யார்கிட்டயும் சொல்லாம ஏறிட்டாராமே. சாவிகூட எடுக்கலையாமே."

அவன் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான்.

"எத்தனை வருஷம் தம்பி! ஒருநாளாவது அவர் கவனமில்லாம வேலை செஞ்சு பாத்திருக்கீங்களா? கேஸ் ஸ்டவ் குமிழை ரெண்டு தடவை திருகிப் பாத்துட்டுப் படுக்கற மனுஷன். அன்னைக்கு மட்டும் ஏன் அப்படி ஏறினாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்குத் தெரியும்."

"அண்ணி..."

"நான் பேசின பேச்சு." அவர் குழாயை மூடவில்லை, தண்ணீர் டம்ளர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "மறுநாள் பாப்பாவோட காலேஜ் இன்டர்வியூ. கூட வரேன்னு சொல்லியிருந்தாரு. காலையில எழுந்து, இந்த வாரம் முடியாது, இருபத்திநாலு மணி நேரமும் ஓடுது, தம்பிக்கு ரொம்ப முக்கியமான வாரம்னாரு. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ... தம்பிக்கு வானம், உங்களுக்கு இரும்பு, இந்த வீட்டுக்கு யாருன்னு கேட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்."

கூடத்தில் யாரோ தும்மினார்கள்.

"தட்டுல வெச்சதைத் தொடலை. அப்படியே எழுந்து போனாரு. அதே நெனப்புலதான் ஏறியிருக்காரு. புத்தி இங்க இருந்திருக்கு, கால் அங்க இருந்திருக்கு. ரெண்டு நாளா அந்த வார்த்தைதான் எனக்குள்ள ஓடுது. இல்லாட்டியும் ஒண்ணுதான். வாயில வந்தபடியே ஆயிடுச்சு பாருங்க."

தம்பி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைக்க வேண்டும் என்று பார்த்து வைத்தான். பிறகு குழாயை மூடினான்.

"அண்ணன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறினாரு."

அண்ணி திரும்பினார்.

"சாவியைக் கேட்டாரு. நான்தான் கொடுக்கல. இந்த ஸ்கேன் முடியட்டும்னேன். அவர் மேல போகட்டும், முடிஞ்சதும் நான் நிறுத்தறதா பேச்சு. நிறுத்தல." குரல் தன்னுடையது மாதிரி இல்லை, யாரோ படிப்பதுபோல வந்துகொண்டிருந்தது. "கடைசி நேரத்துல மையத்துலேருந்து செய்தி வந்துச்சு. மூணு தடவையா கிடைக்காதது கிடைச்சிருக்குன்னு. அந்தச் சந்தோஷத்துல அவருக்குப் போன் போட்டேன். நிறுத்துற பொத்தான் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் போனை எடுத்தேன்."

அண்ணியின் ஈரக் கைகளிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"என்ன சொன்னாரு?"

"அண்ணே கிடைச்சிடுச்சுன்னேன். சிரிச்சாரு. பெரிய புள்ளிடா நீன்னாரு. அப்ப மணி அடிச்சுது."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"எப்படி?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எப்பவும் போலத்தான் அண்ணி. வாய்விட்டு. கோவமா இருந்த மாதிரியே இல்ல. ஏறுறதுக்கு முன்னாடிகூட, மாமியார் கத்துறான்னு கேலி பண்ணிக்கிட்டுத்தான் வந்தாரு. நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அண்ணி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். மூச்சை நீளமாக இழுத்தார். அழப்போகிறார் என்று தம்பி நினைத்தான். அழவில்லை.

"முந்தாநாளே சொல்லியிருக்கலாமே."

அவன் துடைக்கும் துணியை மடித்தான்.

"இப்ப நான் இதைச் சொல்லியிருக்கலேன்னா, சொல்லியிருப்பீங்களா?"

பையில் இருந்த தாளை எடுத்து மேடைமேல் வைத்தான். அண்ணி அதைப் பிரித்துப் படித்தார். தன்னிச்சையாக என்ற சொல்லின்மேல் ஈர விரலை வைத்தார். மை கலங்கியது. கீழே இருந்த வெற்றுக் கோட்டையும் பார்த்தார்.

"என் பொண்ணு நேத்துலேருந்து இதைத்தான் நம்பிட்டு இருக்கா" என்றார். "அவங்கப்பா விதியை மீறினாருன்னு."

"நான் மாத்தி எழுதிக் கொடுக்கறேன் அண்ணி. இப்பவே."

"எழுதுங்க." தாளை அவன் பக்கம் தள்ளினார். "எழுதிட்டு... கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க. திட்டணும்னு இல்ல. என்னால முடியல."

அவன் திரும்பியபோது வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டில் கூடத்திலிருந்து எடுத்துவந்த டம்ளர்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவன் வழிவிட ஒதுங்கினான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே மதில் சுவரில் தாளை வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினான். பெரிய எழுத்தில், அடித்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்று தொடங்கி, மூன்று இடத்தில் அடித்தான். சாவி கேட்கப்பட்டது. நான் தரவில்லை. நிறுத்துவதாக ஒப்புக்கொண்டேன். நிறுத்தவில்லை. அவர் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். பதினொன்று நாற்பத்திரண்டு, பத்து நொடி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடியாரத்தைக் கூப்பிட்டான்.

கடியாரம் படித்தான். இரண்டாவது முறையும் படித்தான்.

"யோசிச்சியா? வேலை மட்டும் போற விஷயம் இல்ல இது. கேஸ் ஆயிடும்."

"நேரம் சரியா இருக்கா பாரு."

"உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்கறதுல செகண்டு எல்லாம் எதுக்குடா?"

"சரியா?"

"சரிதான்" என்றான் கடியாரம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். பிறகு, "என்னையும் கேட்டா, கேட்டதைச் சொல்லிடறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, தாளைப் பத்திரமாக உறைக்குள் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தரை மணிக்குள் இயக்குநரிடமிருந்து போன் வந்தது. "என்னப்பா இது?" என்றார். "அதான் சார் நடந்தது" என்றான். "சரி. நாளைக்கு வேலைக்கு வராத. நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

கண்முன்னால் நிற்காதே என்று சொல்லப்பட்ட இடத்தில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வீட்டை விட்டுப் போகவும் கால் வரவில்லை. உறவினர்கள் ஒவ்வொருவராக அவன் தோளைத் தட்டி, தைரியமா இரு, இனிமே நீதான் இந்தக் குடும்பத்தைப் பாத்துக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தலையாட்டினான்.

கடைசிக் காரும் கிளம்பிய பிறகு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் மட்டும் கிடந்தன. ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். தம்பி ஒரு மூலையிலிருந்து அவற்றை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். நான்கைந்து அடுக்கியிருப்பான். மகள் வெளியே வந்தாள். எதிர் மூலைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கினாள். அவன் அடுக்கின்மேல் வைக்க வருவாள் என்று கொஞ்சம் நகர்ந்து நின்றான். அவள் வரவில்லை. மதிலோரமாகத் தனியே இன்னொரு அடுக்கு தொடங்கினாள்.

வெயில் சரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றில் ஒன்று இறங்கும் சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்டது.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. கம்மிய குரல். மகளிடம்தான் பேசினார், சித்தப்பா என்று அவன் முறையைச் சொல்லவில்லை.

"காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டாங்களான்னு கேளு."

மகள் தூக்கிய நாற்காலியோடு நின்றாள். அவனைப் பார்த்தாள். கேட்கவில்லை.

"இல்லையாம்" என்று உள்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தன் அடுக்கின்மேல் வைத்தாள்.